'இனி ஒண்ணும் பண்றதுக்கு இல்ல'ன்னு அனுப்பி வைக்கிறாங்களே, அதுக்கப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வீட்டுக்கே வந்து செய்யுற மருத்துவ சேவை பத்தி போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல ஒரு பக்கம் முழுக்க வந்திருந்துச்சு. நர்ஸ் வருவாங்க, பிசியோ வருவாங்க, கட்டில் வாடகைக்கு கிடைக்கும், ரத்தம் எடுக்க ஆள் வரும்னு எல்லாம் இருந்துச்சு, நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா அந்த பக்கத்துல இருந்த எல்லா பேஷண்டும் குணமாகுறவங்க. இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சவர், ஸ்ட்ரோக்ல இருந்து தேறி வர்றவர், சர்க்கரைப் புண்ணுக்கு கட்டு மாத்திக்கிறவர். தேறப் போறதில்லைன்னு தெரிஞ்சு போனவங்க ஒருத்தர் கூட இல்ல. அவங்களும் வீட்டுலதான் சார் படுத்திருக்காங்க. அதுக்காகத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போயிடுச்சு, வெட்டாம போட முடிஞ்சா போடுங்க.

எங்க அப்பாவுக்கு நுரையீரல்ல கேன்சர், முதுகெலும்புக்கும் பரவிடுச்சு. கடைசியா அட்மிட் பண்ணப்போ டாக்டர் என்னையும் அண்ணனையும் வராண்டாவுக்கு கூப்பிட்டு "இனி ஒண்ணும் பண்றதுக்கு இல்லம்மா, வீட்டுக்கு கூட்டிட்டுப் போய் நல்லா பாத்துக்கோங்க"ன்னார். அவர் மேல எனக்கு கோவம் கிடையாது, சொல்லும்போது அவர் முகமே செத்துப் போச்சு. ஆனா நல்லா பாத்துக்கிறதுன்னா என்ன பண்றதுன்னு கேக்க எங்களுக்கும் தோணல, சொல்ல அவருக்கும் தோணல. டிஸ்சார்ஜ் சம்மரியில ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் வரி வரியா இருந்துச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு வலின்னு கத்துனா யாருக்கு போன் பண்ணனும்னு ஒரு வரி இல்ல.

உடனே ஒரு ஹோம் நர்ஸ் ஏற்பாடு பண்ணோம். நல்ல பொண்ணு, குறை சொல்ல மாட்டேன். காலையில வந்து பிபி பாப்பாங்க, ஆக்சிஜன் அளவு பாப்பாங்க, எல்லாத்தையும் ஒரு சார்ட்ல எழுதுவாங்க, அப்புறம் பிசியோ வந்து வாக்கர் புடிச்சு நாலு அடி நடங்கன்னு சொல்வார். எலும்புல கேன்சர் இருக்குற மனுஷன் பல்ல கடிச்சுக்கிட்டு நடந்தார், நாங்க சுத்தி நின்னு "சூப்பர்ப்பா"ன்னு கை தட்டுனோம். இப்ப நெனைச்சா நெஞ்ச அடைக்குது. 18 நாள் இப்படியே ஓடுச்சு. யார் மேலயும் தப்பு இல்ல, அந்த சேவையோட வேலையே ஆள பழைய நிலைமைக்கு கொண்டு வர்றது, அவங்க அத ஒழுங்காத்தான் செஞ்சாங்க. எங்களுக்கு வேண்டியது வேற ஒண்ணு, வலியையும் தொந்தரவையும் கொறைச்சு ஆள நிம்மதியா வெச்சுக்கிறது. அதுக்கு பேலியேட்டிவ் கேர்னும், அதையே கடைசி காலத்துல குடுத்தா ஹாஸ்பிஸ்னும் பேர் இருக்குன்னே எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. கூட வேலை பாக்குற ஒரு அக்கா, அவங்க மாமியாருக்கு செஞ்சவங்க, அவங்க சொல்லித்தான் தெரிஞ்சுது.

அந்த டீம்ல இருந்து மொதல் நாள் வந்த நர்ஸ் பிபி மெஷினை பையில இருந்து எடுக்கவே இல்ல. அப்பா பக்கத்துல ஸ்டூல போட்டு உக்காந்து "எது சார் உங்களுக்கு ரொம்ப தொந்தரவா இருக்கு?"ன்னு கேட்டாங்க. நாங்க எல்லாரும் வலின்னு சொல்வார்னு பாத்தா, அவர் கொஞ்ச நேரம் சுவத்த பாத்துட்டு "ராத்திரி மூத்திரம் போக பொண்ண எழுப்ப வேண்டியிருக்கு, கூச்சமா இருக்கு"ன்னார். நான் அங்கதான் நிக்கிறேன். எழுப்பக் கூடாதுன்னே சாயங்காலத்துல இருந்து தண்ணி குடிக்காம இருந்திருக்கார், நாக்கு காஞ்சு வெடிச்சுப் போனது அதனாலதான், நாங்க அத மருந்தோட சூடுன்னு நெனைச்சிட்டு இருந்தோம். யூரின் கேன் ஒண்ணு கட்டில்ல கைக்கு எட்டுற மாதிரி தொங்க விட்டாங்க, அவரே படுத்த வாக்குல எப்படி போறதுன்னு என்னை வெளிய அனுப்பிட்டு சொல்லிக் குடுத்தாங்க. அவ்ளோதான் விஷயம். ஒரு ஸ்கேனும் இல்ல, ஒரு மாத்திரையும் இல்ல. ஒண்ணும் பண்றதுக்கு இல்லைன்னு சொன்னாங்களே, அதுக்கப்புறம் நடந்த மொத காரியம் இது.

அப்புறமா இது பத்தி தேடித் தேடி படிச்சேன். இப்ப நாம ஹாஸ்பிஸ்னு சொல்றதுக்கு வழி போட்டது சிசிலி சாண்டர்ஸ்ன்னு இங்கிலாந்துக்காரம்மா, மொதல்ல நர்ஸ், அப்புறம் மெடிக்கல் சோஷியல் வொர்க்கர், சாகப் போறவங்க வலிய யாரும் சரியா கவனிக்கிறதில்லைன்னு அதுக்காகவே படிச்சு 1957-ல டாக்டரும் ஆனாங்க. 1967-ல லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ திறந்தாங்க, ரெண்டே வருஷத்துல, 1969-ல, அங்க இருந்து டீம் வீடுகளுக்கும் போக ஆரம்பிச்சிடுச்சு. உடம்பு வலியோட மனசு வலி, குடும்பத்த பத்தின கவலை, இதெல்லாம் எதுக்குன்னு கேக்குற வலி, எல்லாம் ஒண்ணா பின்னிக் கெடக்கும், ஒண்ண விட்டுட்டு இன்னொண்ண தீக்க முடியாதுன்னு அவங்க சொன்னாங்க, அதுக்கு முழு வலின்னு பேரும் வெச்சாங்க. எங்க அப்பாவோட யூரின் கேன் விஷயம் எனக்கு அப்பதான் முழுசா புரிஞ்சுது.

சாண்டர்ஸ் சொன்ன இன்னொரு விஷயம்தான் எங்க வீட்டுல பெரிய சண்டைய கெளப்புச்சு. வலி வந்தப்புறம் மருந்து குடுக்காத, வர்றதுக்கு முன்னாடியே கடிகாரத்த பாத்து குடுன்னு. அப்பாவுக்கு மார்பின் சிரப் எழுதுனாங்க, அபின் வகைய சேந்த பலமான வலி மருந்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ, ஊசி இல்லாத சிரிஞ்சில அளந்து வாயில விடணும். அண்ணன் அதக் கேட்டதும் வெளறிப் போயிட்டான். அடிமையாயிடுவார், சீக்கிரம் போயிடுவார்னு அவனுக்கு பயம், வெளிய சொல்லாம அவன் முறை வர்றப்போ பாதி அளவுதான் குடுத்திருக்கான். அடுத்த வாரம் நர்ஸ் பாட்டில்ல மிச்சம் இருக்குறத பாத்ததுமே கண்டுபுடிச்சிட்டாங்க. திட்டல. வலிக்காக சரியான அளவுல கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக் குடுக்குற மார்பின் ஆள சீக்கிரம் கொல்லாது, போதைக்கு தேடி அலையுறதும் வலிக்கு மருந்து எடுக்குறதும் ஒண்ணு இல்ல, மொத ரெண்டு மூணு நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும் அப்புறம் பழகிடும், மலச்சிக்கல் மட்டும் பழகாது, அதனால மார்பின் ஆரம்பிக்கிற அன்னைக்கே பேதி மருந்தும் கூட ஆரம்பிக்கணும்னு பொறுமையா சொன்னாங்க. உலக சுகாதார நிறுவனம் 1986-லயே கேன்சர் வலிக்கு படிப்படியா என்ன குடுக்கணும்னு வழிமுறை வெளியிட்டு அதுல மார்பினை மேல் படியில வெச்சிருக்கு. இத்தனை வருஷம் கழிச்சும் ஒரு படிச்ச ஆள் அப்பாவுக்கு தெரியாம பாதி மருந்த மறைக்கிறான்னா நியூஸ் எங்க வரைக்கும் வந்து நின்னுடுச்சுன்னு பாருங்க.

அன்னைக்கு ராத்திரி முழு அளவு குடுத்தான். அப்பா அஞ்சு மணி நேரம் தூங்குனார். அண்ணன் தூங்கல.

சாப்பாட்டு விஷயத்துல அம்மாவ சமாதானப்படுத்துறது அத விட கஷ்டமா இருந்துச்சு. அவர் வாய மூடிக்குவார், அம்மா ஸ்பூன வெச்சு தொறக்க வைப்பாங்க, இவர் இருமுவார், ரெண்டு பேர் கண்ணுலயும் தண்ணி. பட்டினி போட்டு கொன்னுட்டோம்னு பேர் வந்துடுமோன்னு அம்மாவுக்கு. நர்ஸ் அம்மா கையப் புடிச்சுக்கிட்டு "அவர் சாப்பிடாததால போகலம்மா, உடம்பு கெளம்புது, அதனால சாப்பாடு வேணாங்குது"ன்னாங்க. கட்டாயப்படுத்தி ஊட்டுனா நுரையீரலுக்குள்ள போயிடும்னாங்க. அதுக்கு பதிலா அம்மாவுக்கு வேற வேலை குடுத்தாங்க, ஸ்பாஞ்சு குச்சிய தண்ணியில நனைச்சு வாய ஈரமாக்குறது, உதட்டுக்கு கிரீம் தடவுறது. ஊட்டணும்னு தவிச்ச கைக்கு ஒரு வேலை கிடைச்சுது. எங்களுக்கும் சொல்லிக் குடுத்தாங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் போடு, ஏர் பெட் இருந்தாலும் திருப்பணும், குதிகாலையும் இடுப்பையும் தெனமும் பாரு, சிவந்து அமுக்குனா வெளுக்கலைன்னா உடனே சொல்லு, படுக்கைப்புண் அங்கதான் ஆரம்பிக்கும்னு. மூச்சு வாங்குனா சின்ன ஃபேன மூஞ்சிக்கு நேரா வைங்கன்னாங்க, எனக்கு நம்பிக்கையே இல்ல, ஆனா முகத்துல காத்து படுறதே மூச்சுத் திணறுற உணர்வ கொறைக்கும்னு வெச்சு பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது.

ஒண்ணு நேர்மையா சொல்லிடணும். இந்த டீம் வந்தா எல்லாத்தையும் அவங்களே பாத்துக்குவாங்கன்னு சிலர் நெனைக்கிறாங்க, அப்படி கிடையாது. வாரத்துக்கு ரெண்டு தடவ வருவாங்க, போன் எடுப்பாங்க, மத்த நேரம் எல்லாம் நாமதான். திருப்புறது, தொடைக்கிறது, டயப்பர் மாத்துறது, நடு ராத்திரி எந்திரிக்கிறது எல்லாம் வீட்டு ஆளுங்க, பெரும்பாலும் வீட்டுப் பொம்பளைங்க. எனக்கு இடுப்பு போச்சு, வேலைக்கு லீவு தீந்துச்சு, ஒரு நாள் அப்பா மேலயே எரிஞ்சு விழுந்துட்டு பாத்ரூம்ல போய் அழுதேன். பாத்துக்கிறவங்களுக்கு ஓய்வு குடுக்க பேஷண்ட நாலஞ்சு நாள் சேத்துக்கிற ஏற்பாடு நல்ல ஹாஸ்பிஸ்கள்ல உண்டு, அத கேட்டு வாங்குறது சுயநலம் இல்லைன்னு யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம். வீட்டுல வெச்சுப் பாக்க முடியாதவங்களும் இருக்காங்க, தனி ஆளா இருக்குறவங்க, வேலைய விட்டா சோத்துக்கு வழி இல்லாதவங்க. அவங்கள போய் "கடைசி காலத்துல வீட்டுல வெச்சிருக்கக் கூடாதா"ன்னு கேக்குற சொந்தக்காரங்கள எனக்கு பிடிக்காது.

கடைசி ராத்திரி பத்தி எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். ரெண்டரை மணி இருக்கும், தொண்டையில கர் கர்ருன்னு சத்தம், மூச்சு வேகமா போகும், நின்னுடும், எண்ணிக்கிட்டே இருப்போம், திரும்ப வரும். ஆம்புலன்ஸ கூப்பிடுன்னு சித்தப்பா சத்தம் போடுறார், அண்ணன் போன கையில எடுத்துட்டான். நான் ஹாஸ்பிஸ் நம்பருக்கு அடிச்சேன். எடுத்தாங்க. முழங்கால்ல நீலமா திட்டு திட்டா இருக்கான்னு கேட்டாங்க, இருந்துச்சு. ஒருக்களிச்சு படுக்க வைங்க, தலைய கொஞ்சம் உசத்துங்க, அந்த சத்தம் விழுங்க முடியாத எச்சில் தொண்டையில தேங்குறதால வர்றது, கேக்குற நமக்குத்தான் பயமா இருக்கும், அவருக்கு அது தெரியுற நிலைமையில பெரும்பாலும் இருக்க மாட்டார், காது கேக்கலாம் அதனால பேசுங்கன்னாங்க. ஆம்புலன்ஸ் வந்திருந்தா என்ன நடந்திருக்கும்னு எனக்கு தெரியும், சைரன், ஐசியு, தொண்டையில ட்யூப், நாங்க கண்ணாடிக்கு வெளிய. அப்பா காலையில அஞ்சு மணி போல போனார், அம்மா கை அவர் நெத்தி மேல இருந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு அதே நர்ஸ் வந்தாங்க, மிச்ச மார்பின கணக்கு பாத்து வாங்கிட்டு, ஒரு மணி நேரம் அம்மாவோட மட்டும் உக்காந்து பேசிட்டு போனாங்க. பேஷண்டே இல்லாத வீட்டுக்கு மருத்துவம் பாக்குறவங்க வந்தத நான் அன்னைக்குத்தான் மொத தடவ பாத்தேன்.

இதெல்லாம் கேன்சருக்கு மட்டும்னு நெனைச்சுடாதீங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி வருஷத்துக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்த மாதிரி சிகிச்சை தேவைப்படுது, கிடைக்கிறது 14 சதவீதம் பேருக்குத்தான். தேவைப்படுற பெரியவங்கள்ல இதய நோய்க்காரங்கதான் அதிகம், அதுக்கப்புறம்தான் கேன்சர், அப்புறம் நுரையீரல் நோய். ஹார்ட் ஃபெயிலியர்ல கால் வீங்கி உக்காந்தபடியே தூங்குற தாத்தாவுக்கும், பேர் மறந்து போன பாட்டிக்கும் இது உண்டுன்னு எத்தனை வீட்டுக்கு தெரியும்?

இத கேட்டா வைத்தியத்த கைவிட்ட மாதிரின்னு ஒரு நெனப்பு இருக்கே, அது எங்க இருந்து வந்துச்சுன்னும் ஓரளவு புரியுது. அமெரிக்காவுல அரசாங்க மெடிகேர் திட்டத்துல ஹாஸ்பிஸ் வேணும்னா ஆறு மாசத்துக்கு மேல இருக்க மாட்டார்னு டாக்டருங்க எழுதிக் குடுக்கணும், அந்த நோய குணப்படுத்துற சிகிச்சை வேணாம்னு பேஷண்டும் கையெழுத்து போடணும். ஆனா பேலியேட்டிவ் கேருக்கு அப்படி எந்த கட்டாயமும் இல்ல, கீமோ ஓடிட்டு இருக்கும்போதே கூடவே ஆரம்பிக்கலாம். 2010-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ங்கிற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, எங்க அப்பாவுக்கு இருந்த மாதிரியே பரவுன நுரையீரல் கேன்சர்காரங்க 151 பேர். கண்டுபுடிச்ச உடனேயே பேலியேட்டிவ் டீமையும் பாத்தவங்க நடுமதிப்பா 11.6 மாசம் இருந்தாங்க, வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவங்க 8.9 மாசம். மனச்சோர்வும் மொத குரூப்புக்குத்தான் கம்மி. இத நான் அப்பா போனதுக்கப்புறம் படிச்சேன், படிச்ச அன்னைக்கு பேப்பர மடிச்சு வெச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன், ஏன்னா கண்டுபுடிச்சதுல இருந்து அந்த வராண்டா பேச்சு வரைக்கும் பதினோரு மாசம் எங்க கையில இருந்துச்சு.

அதனால உங்ககிட்ட கேக்குறது ரெண்டே விஷயம். அடுத்த தடவ வீட்டு மருத்துவம் பத்தி பக்கம் போடும்போது இதுக்கும் இடம் விடுங்க, எங்கெங்க டீம் இருக்கு, எந்த நம்பர்னு விசாரிச்சு போடுங்க. இன்னொண்ணு, உங்க ஆளுங்க பெரிய டாக்டர்கள பேட்டி எடுக்குறப்போ, டிஸ்சார்ஜ் பேப்பர்ல இந்த நம்பர ஏன் எழுதுறதில்லைன்னு ஒரு கேள்வி கேளுங்க. நர்ஸ் சொன்னது எல்லாத்தையும் நான் ஒரு நாற்பது பக்க நோட்டுல தேதி போட்டு எழுதி வெச்சிருந்தேன், மருந்து நேரம் நடுவுல அப்பா சொன்ன சிலதும் இருக்கு, அந்த பக்கங்கள விட்டுட்டு மத்தத காப்பி எடுத்து அனுப்புறேன், வேணும்னா சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகி