மேட்டு வீடு வேண்டாம்

அன்புள்ள மலர்,

நீங்கள் குடிபோக மாப்பிள்ளை அனுப்பிய ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வீட்டு விலாசம் இரண்டையும், தெருக்களைப் படமாகக் காட்டுகிற கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பார்த்துவிட்டேன். எனக்கு இரண்டாவது வீடுதான் சரியென்று படுகிறது. மேட்டில் இருக்கிற முதல் வீடு வேண்டாம்.

அந்த வீடு படத்தில் தெரியவே இல்லை. கட்டடம் முழுக்க ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கிக் கிடக்கிறது. "எதையோ மறைக்கிறாங்க" என்று உன் அம்மா பயந்துவிட்டாள். அப்படியெல்லாம் இல்லை. 2010இல் ஜெர்மனியின் 20 நகரங்களை இதில் காட்ட வந்தபோதே, எங்கள் வீட்டைக் காட்டாதே என்று ஏறக்குறைய 2,44,000 குடும்பங்கள் எழுதிக் கொடுத்தார்களாம். இப்போதும் குடியிருப்பவர் கேட்டால் மறைத்துவிடுவார்கள். நம் நாட்டுக்கு 2022இல் பத்து ஊர்களோடு வந்தது. அதில் நம் வேலூர் இல்லை, போகட்டும்.

வீடு தெரியாவிட்டால் என்ன, தெரு தெரிகிறதே. நம் ஊர் காகிதப்பட்டறை மலைமேல் வீடு வீடாகத் தபால் கொடுத்தவன் நான். காமிரா காரின் கூரைமேல் இருப்பதாலோ என்னவோ, படத்தில் எந்த ஏற்றமும் சமமாகத்தான் தோன்றும். அதனால் பக்கத்துக் கட்டடத்தின் அடித்தள ஜன்னல்களைப் பார். கீழ்க்கோடியில் முழு ஜன்னல், அடுத்தது பாதி, மேல்கோடியில் ஜன்னலே இல்லை, சுவர் நடைபாதைக்குள் புதைந்துவிட்டது. ஒரு கட்டடத்தைக் கடப்பதற்குள்ளேயே இவ்வளவு ஏற்றம். தெருக்கோடியில் இன்னும் மோசம். டிராமுக்கு இறங்கும் குறுக்குவழி முழுக்கப் படிக்கட்டு. அந்த ஊரே கிண்ணம் போன்ற பள்ளத்தில் இருப்பதால் இப்படிப் படிக்கட்டுகள் 400க்கு மேல் உண்டு. படமெடுத்த கார் அங்கே திரும்பிவிடுகிறது, படத்தில் முன்னே போகக் காட்டும் அம்புக்குறியும் நின்றுவிடுகிறது. பாப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அங்கே எப்படி இறங்குவாய்?

இரண்டாவது வீட்டின் பால்கனி தெற்கு பார்த்தது. நாம் இங்கே வெயில் படாத வீடு தேடுவோம். அங்கே டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். வெயில் வருகிற பக்கம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். படம் ஜூனில் எடுத்தது, மூலையில் போட்டிருக்கிறது. அந்தப் பளிச்சென்ற தெருவைப் பார்த்து ஏமாறாதே. அப்புறம், வாசலிலேயே டிராம் ஓடுகிறது. அந்தச் சத்தம் படத்தில் கேட்காது. மாப்பிள்ளை அங்கேதானே இருக்கிறார், ராத்திரி ஒருதரம் போய் நின்றுவிட்டு வரச் சொல். முன்பணம் அதற்குப் பிறகு கொடுக்கட்டும்.

இன்னொன்று. வாசலில் தபால் பெட்டிகள் வரிசையாகத் தெரிகின்றன. ஒரே கட்டடத்தில் பத்துக் குடும்பம் இருந்தாலும் அங்கே விலாசத்தில் கட்டட எண்தான் இருக்கும், உள்ளே இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் எழுதுவதில்லை. பெட்டியில் ஒட்டிய பெயரைப் பார்த்துத்தான் தபாலைப் போடுவார்கள். மாப்பிள்ளை பெயர் மட்டும் இருந்தால் உனக்கு வருவது திரும்பிப் போய்விடும். உன் பாஸ்போர்ட்டில் உன் பெயருக்குப் பின்னால் இருப்பது என் பெயர்தானே, அதையும் சேர்த்து ஒட்டச் சொல்.

அன்புடன்,
அப்பா