செயலாளரின் ஆண்டறிக்கை: குடும்பச் சுற்றுலாக்களும் நிலுவைச் சந்தாவும்

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மெல்பேர்ணில் இயங்கும் எமது சங்கத்தின் பொங்கல் விழாவும் கலைவிழாவும் கடந்த ஆண்டில் வழமைபோல் நடந்தேறின. பிலிப் தீவில் பென்குவின்களைப் பார்க்கச் சென்றவர்கள் நலமாகத் திரும்பினர். தங்க வேட்டைக் காலத்து ஊரைப்போல் அமைக்கப்பட்ட சோவரின் ஹில் அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் ஓடையில் பொன்துகள் அரித்து மகிழ்ந்தனர்.

செப்டெம்பர் பாடசாலை விடுமுறையில் விக்டோரியாவின் மேற்கிலுள்ள தானிய விளைநிலப் பகுதியான விமெராவுக்கு மேற்கொண்ட பயணத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. கோதுமை வயலைப் பார்க்க 300 கிலோமீற்றர் போக வேண்டுமா என்ற கேள்வி, பெரும்பாலும் அப்பயணத்துக்கு வராதவர்களிடமிருந்தே, எழுந்தது.

அங்கு முர்டோவா என்னும் ஊரில் உள்ள தானியக் கொட்டகை 1941-42இல், போர்க்காலத்தில் கப்பலேற்ற வழியின்றிக் குவிந்த கோதுமையைக் காப்பதற்காகக் கட்டப்பட்டது. ஏறக்குறைய 280 மீற்றர் நீளமான அதன் தகரக் கூரையை, அறுக்கப்படாத மரத்தண்டுகள் 560 தாங்கி நிற்கின்றன. கொட்டிய தானியக் குவியல் இயல்பாகச் சரியும் சாய்விலேயே கூரையையும் சாய்த்துள்ளனர் என்பதை விளக்கியபோது, கிளிநொச்சியில் வயல் செய்த எமது மூத்த அங்கத்தவர் ஒருவர் தூணொன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, “எலிக்கு என்ன செய்தவை?” என்று கேட்டார். பயணம் முழுவதிலும் கேட்கப்பட்ட சிறந்த கேள்வி அதுவே என்பது எனது கருத்து. மறுநாள் பிரிம் என்னும் ஊரில், கைவிடப்பட்ட தானியக் கோபுரங்களில் கைடோ வான் ஹெல்டன் வரைந்த விவசாயிகளின் உருவங்களையும், ஷீப் ஹில்ஸில் பூர்வகுடி மூத்தோரும் சிறுவரும் இரவு வானத்தின் பின்னணியில் நிற்கும் ஓவியத்தையும் கண்டோம். வழியெங்கும் கனோலா என்னும் எண்ணெய்வித்துப் பயிர் மஞ்சளாகப் பூத்திருந்தது. கைப்பேசி அலைவரிசை அடிக்கடி விட்டுப்போனதால் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே பார்த்தனர் என்பதையும் பதிவு செய்கிறேன்.

இவ்வளவு சிறந்த பயணத்தில் பேருந்தின் பின்வரிசைகள் வெறுமையாக இருந்தன. வருவதாக வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பி அனுப்பிய சில குடும்பங்கள், புறப்படும் காலையிலும் அறிவிக்காமல் நின்றுவிட்டன. அவர்களுக்காகக் கட்டிய புளியோதரைப் பொதிகள் பலரற் பூங்காவில் இரண்டாம் முறை பரிமாறப்பட்டன. அந்திப்பொழுதில் கங்காருக்கள் வீதிக்கு வரும் என்பதால் சாரதி இருட்டுமுன் ஹோர்ஷம் சேர்ந்தாக வேண்டும் என்றார். காலையில் காத்திருந்து இழந்த நேரம் கொட்டகையைப் பார்க்கும் நேரத்திலேயே குறைந்தது. பேருந்துக்காரர் ஆசனங்களுக்குத்தான் பணம் கேட்கிறார், அமர்ந்தவர்களுக்கு அல்ல.

இதனால் ஏற்பட்ட சிறு பற்றாக்குறை சேமநிதியிலிருந்து ஈடுசெய்யப்பட்டது. மற்றபடி கணக்குகள் ஒழுங்காக உள்ளன. விபரங்களைப் பொருளாளரிடம் கேட்டறியலாம். ஆண்டுச் சந்தா செலுத்தாதோர் பட்டியலை இங்கு வாசிக்க வேண்டாமெனத் தலைவர் கேட்டுக்கொண்டதால் தவிர்க்கிறேன். பட்டியல் என் பையில் உள்ளது.

சமையலில் உதவிய சகோதரிகளுக்கும், முதலுதவிப் பெட்டியைச் சுமந்த இளைஞர்களுக்கும், அனுசரணையாளர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மில்டுராவில் தங்கி, ஏறத்தாழ 42,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனித எச்சங்கள் கிடைத்த மங்கோ தேசியப் பூங்காவுக்குச் செல்லலாமென உத்தேசம். மழை பெய்தால் அங்குள்ள மண்பாதைகளை மூடிவிடுவர் என்பதால், மாற்று நாளையும் சேர்த்தே தங்குமிடம் பதிய வேண்டும்; அதற்குப் பணம் முன்கூட்டியே வேண்டும். எனவே சந்தா நிலுவையின்றி முற்பணமும் கட்டியவர்களுக்கே ஆசனம் ஒதுக்குவதெனக் குழு எண்ணியுள்ளது. இந்த ஏற்பாட்டை இதைவிடச் சிறப்பாகச் செய்யக்கூடியவர் எவரேனும் செயலாளர் பதவிக்கு முன்வந்தால், கோப்புகளை மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். இவ்வறிக்கை எழுதி முடிக்கும்வரை வேட்புமனு எதுவும் கிடைக்கவில்லை.

இங்ஙனம்,
செயலாளர்