இந்த வருசம் கடை நட்சத்திரம் வேண்டாம்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்புள்ள அம்மா, அப்பா, அண்ணன், மைனிக்கு,

மேட்டுவீட்டு அண்ணன் கொண்டுவந்த பெட்டி பத்திரமாகக் கிடைத்தது. முந்திரிக்கொத்து ஒன்றுகூட உடையவில்லை. ஏத்தங்காய் சிப்ஸ்தான் பாதி பொடியாகிவிட்டது. அதையும் விடாமல் தயிர்ச்சோற்றில் தூவித் தின்றுவிட்டேன். அம்மா அடியில் மடித்து வைத்திருந்த கடிதத்தைக் கடைசியில்தான் பார்த்தேன். "போனில் எதைக் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்கிறாய், ஒரு தடவையாவது விவரமாக எழுது மக்களே" என்று இருந்தது. சரி, எழுதுகிறேன்.

ட்ரெஸ்டனில் குளிர் பிடித்துவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டு. பால்கனியில் காயப்போட்ட சுடிதார் ஒருநாள் காலையில் அப்பளமாக விறைத்து நின்றது. ஹீட்டரை ஒரு அறையில் மட்டும்தான் போடுகிறேன். சின்ன அறை சீக்கிரம் சூடாகிவிடும், வேறு ஒன்றும் இல்லை.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, எல்லார் குப்பைத் தொட்டியையும் எட்டிப் பார்க்கிறவர். போன வாரம் மணி அடித்தார். கழிவறைக் காகிதம் தீர்ந்து நான் எறிந்த அட்டைக் குழல்களை எல்லாம் பொறுக்கிக் கையில் வைத்திருந்தார். வகை பிரிக்காமல் போட்டுவிட்டேன் என்று திட்டத்தான் வந்திருக்கிறார் என நினைத்தேன். "டிசம்பர் வருகிறது, இதையா எறிகிறாய்?" என்கிறார். 1990 வரை இந்த ஊர் கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. அப்போது கடையில் நினைத்த சாமான் கிடைக்காதாம். அந்தப் பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை.

அம்மா முகத்தைச் சுளிக்க வேண்டாம், சுத்தமான அட்டைதான். அதை ஒரு விரல் அகலத்துக்கு வளையமாக நறுக்கி லேசாக அமுக்கினால் இதழ் வடிவம் வருகிறது. ஐந்து இதழைச் சேர்த்து ஒட்டினால் பூ. பசை காயும் வரை துணிக் கிளிப் மாட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய் பிளந்துகொள்ளும். பால் வருகிற அட்டைப் பெட்டியின் உள்பக்கம் வெள்ளியாக மின்னும். அதைக் கழுவித் துடைத்து நட்சத்திரம் வெட்டலாம். ஆரஞ்சைத் தோலோடு மெல்லிய வட்டமாக நறுக்கி ஓவனில் குறைந்த சூட்டில் மணிக்கணக்காக உலர்த்துவார்கள். பாட்டிக்கு மின்சாரம் செலவழிக்க மனம் இல்லை, ஹீட்டர் மேலேயே பரப்பச் சொன்னார். காய நாளாகிறது, ஆனால் அறை முழுக்க மணம். வெளிச்சத்துக்கு நேரே ஜன்னலில் தொங்கவிட்டால் கொள்ளாம்.

எனக்குப் பிடித்தது வைக்கோல் நட்சத்திரம். வைக்கோலை வெந்நீரில் ஊறப்போட்டு, நகத்தால் கீறி விரித்து, இஸ்திரி போட்டுத் தட்டையாக்க வேண்டும். பிறகு குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, நூலை ஒன்றின் மேலே, அடுத்ததின் கீழே என்று மாற்றி மாற்றிச் சுற்றி இறுக்க வேண்டும். பாட்டி ஒருமுறைதான் காட்டினார். அப்பா குருத்தோலை ஞாயிறுக்கு ஓலைச் சிலுவை முடையச் சொல்லிக்கொடுத்த கைதானே, உடனே வந்துவிட்டது. "எங்கே படித்தாய்?" என்று கேட்டார். எங்கள் அப்பா என்றேன்.

இங்கே 1434-லிருந்து நடக்கிற கிறிஸ்துமஸ் சந்தை ஒன்று உண்டு. சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். மரம் விற்கிறவர் நறுக்கிப் போட்ட கிளைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பழைய செய்தித்தாளை முறுக்கி வளையமாக்கி, அதில் அந்தக் கிளைகளைக் கட்டி, நாலு மெழுகுதிரி வைத்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறுக்கும் ஒவ்வொன்றாக ஏற்றுகிற திருவருகைக் கால வளையம் ரெடி. இந்த வளையமே அப்படித்தான் பிறந்திருக்கிறது. 1839-ல் ஹாம்பர்க்கில் விகெர்ன் என்ற போதகர், தன் இல்லத்து ஏழைப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் எப்போது எப்போது என்று நச்சரித்ததால், ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை வைத்தாராம். ஞாயிறுக்குப் பெரிய வெள்ளை, மற்ற நாளுக்குச் சின்னச் சிவப்பு. ஆகவே கையால் செய்வதற்கும் இங்கே மரியாதை உண்டு.

அதனால்தான் சொல்கிறேன், இந்த வருசம் மார்த்தாண்டத்தில் போய் பிளாஸ்டிக் நட்சத்திரம் வாங்க வேண்டாம். தம்பியை உட்காரவையுங்கள். மூங்கிலில் ஒரே நீளமாகப் பத்துக் குச்சி, ஐந்தைந்தாகக் கட்டினால் இரண்டு நட்சத்திரம். இரண்டையும் முனைகளில் சேர்த்துக் கட்டி, உள்மூலை ஐந்திலும் சாண் குச்சியை முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பிக்கொள்ளும். மரச்சீனி மாவைக் காய்ச்சினால் பசை. உள்ளே குண்டு பல்பு போட வேண்டாம், தாள் கருகிவிடும், எல்.இ.டி. போதும். மழைக்கு முன்னே அம்மா சாக்கில் கட்டி வைத்த ரப்பர்க்கொட்டை இருக்கும். அதைத் துடைத்துத் துளை போட்டுக் கோத்தால் எந்தக் கடையிலும் கிடைக்காத தோரணம். குடிலைச் சுற்றிச் சிரட்டையில் நெல் முளைக்கப் போட்டாயிற்றா? மைனி, மைதா மாவில் உப்புப் போட்டுப் பிசைந்து பொம்மை செய்கிற படத்தை அனுப்பினேனே, அதை மட்டும் செய்ய வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கு உப்பு தண்ணீர் விட்டு எல்லாம் கொழகொழத்துவிடும். மிச்சத்தை எறும்பு பார்த்துக்கொள்ளும்.

இங்கே நாலு மணி என்றால் அங்கே எட்டரை. வேலை முடிந்து படியேறும்போது, இப்போது கேரல் பிள்ளைகள் வடக்குவீட்டு முற்றத்துக்கு வந்திருப்பார்கள், அடுத்தது நம் வீடு என்று கணக்குப் போடுகிறேன். அம்மா டம்ளர்களில் கட்டன்சாயா ஊற்றிக்கொண்டிருப்பீர்கள், கிறிஸ்துமஸ் தாத்தா வேசத்தைப் பார்த்து நம் வாண்டு அழுதுகொண்டிருக்கும். போன தடவை போனை முற்றத்தில் பிடித்துக் கொட்டுச் சத்தம் கேட்கவைத்தீர்கள். இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள் அம்மா. அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இருபத்துநாலாம் தேதி ராத்திரி எனக்கு டியூட்டி. நானேதான் கேட்டு வாங்கினேன், மற்றவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெருநாள் வேலைக்குச் சம்பளமும் கூடுதல். பூசையைக் காலையில் பார்த்துக்கொள்வேன்.

இனி வீட்டு விசயம். என் வளையலைத் திருப்ப இந்த மாதம் முடியாது. வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துவிடுங்கள், பங்குனிக்குள் பார்த்துக்கொள்ளலாம். தம்பியின் பரீட்சைக் கட்டணத்தை அனுப்பிவிட்டேன். ரசீதைப் படம் எடுத்துப் போடச் சொல்லுங்கள், வாயால் சொன்னால் போதாது. மழையால் ரப்பர் பால்வெட்டு நின்றுபோனதற்கு அப்பா கவலைப்பட வேண்டாம். சேர்த்து வைத்த ஒட்டுப்பாலை மட்டும் இந்த விலைக்கே கொடுத்துவிடலாம் என்று அண்ணன் சொல்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. சர்வேயர் வருகிற அன்று வடக்குவீட்டாரோடு அப்பா தனியாக நிற்கக் கூடாது, அண்ணன் லீவு போட வேண்டும். பழைய பத்திரத்தின் நகல் இரும்புப் பெட்டியில் ஞானஸ்நானச் சான்றிதழ்களுக்குக் கீழே இருக்கிறது.

அம்மா, கண் ஆப்பரேசனை மறுபடியும் தள்ளிப் போடாதீர்கள். பெரியம்மா துணைக்கு வருகிறேன் என்று சொன்னார்கள், தேதியைக் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்பு மகள்

பி.கு: மேட்டுவீட்டு அண்ணன் ஜனவரியில் மறுபடி வருகிறாராம். பெட்டியில் இடம் இருந்தால் கருப்பட்டியும் நெத்திலிக் கருவாடும் போதும், துணி எதுவும் வைக்க வேண்டாம். கருவாட்டை இரண்டு கவர் போட்டுக் கட்டுங்கள், கீழ்வீட்டுப் பாட்டிக்கு மூக்கு கூர்மை.