மருத்துவ மாணவர்களின் புகையும் சோர்வும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவ மாணவர்கள் புகைபிடிப்பதைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ‘எல்லாம் படித்தவர்களே இப்படிச் செய்யலாமா’ என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அதன் தீங்கு தெரியாமல் அவர்கள் பற்றவைப்பதில்லை. இரவுப் பணியும் தேர்வுகளும் வார்டில் காணும் மரணங்களும் மனத்தை வற்றச் செய்ய, நோயாளியிடம் பரிவு மரத்துப்போய், ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் தலைதூக்கும் நிலையையே ‘பர்ன் அவுட்’ என்கிறார்கள். அந்நிலையில் ஐந்து நிமிடம் வெளியே போய்வரப் பலருக்குக் கிடைக்கும் சாக்கு சிகரெட்தான்.

அது தரும் ஆறுதல் பெரும்பாலும் போலியானது. ரத்தத்தில் ஏறிய நிகோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால் எரிச்சலும் கவனக்குறைவும் தலைகாட்ட, அடுத்த சிகரெட் அந்த எரிச்சலை மட்டுமே தணிக்கிறது. படிப்பின் சுமை அப்படியே இருக்கிறது. சோர்வு புகைக்குத் தள்ளுகிறதா, புகை சோர்வை வளர்க்கிறதா என்பதை இரண்டையும் ஒரே சமயத்தில் கேட்டறியும் கணக்கெடுப்புகளால் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால், புகையை விட்டவர்களுக்குப் பதற்றமும் மன அழுத்தமும் குறைவதை 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு காட்டியது.

எங்கள் நீலகிரி மலையில் இன்னொரு சாக்கும் உண்டு: குளிர். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் விரல்கள் மேலும் சில்லிடத்தான் செய்யும். 2,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள உதகையில் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனே குறைவு. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு அதிலும் பங்கு கேட்கிறது. 2022இல் இங்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின் சமவெளியிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்கு இதை முதல் வாரத்திலேயே சொல்லலாம்.

கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்னும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தை அதிகாரிகள் கண்டிப்புடன் செயல்படுத்தட்டும். ஆனால், 200 ரூபாய் அபராதத்தால் தூக்கமின்மை தீராது. பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் பரிந்துரைத்தது (74 மணி நேரமே சலுகை என்றால் இதுவரை இருந்த நிலையை ஊகிக்கலாம்). அதை நடைமுறைப்படுத்துவதோடு, 1800-11-2356 என்ற புகையிலை விடுப்பு உதவி எண்ணை விடுதிகளில் எழுதி வைத்து, பெயர் வெளிவராத ஆலோசனைக்கும் வழி செய்ய வேண்டும். ஆலோசகர் வெளியிலிருந்து வருபவராக இருக்கட்டும். இன்டர்னல் மதிப்பெண்ணைக் கையில் வைத்திருப்பவரிடம் எந்த மாணவரும் மனம் திறக்க மாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்,
குன்னூர்.