கட்சிக்கு ஒரு நீதியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசியல் தலைவர் ஒருவரின் திருமணத்தை மீறிய உறவு வெளியே வரும்போது, அவர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தால் ஒழுக்கக்கேடு என்றும், நம் கட்சிக்காரராக இருந்தால் அந்தரங்க விவகாரம் என்றும் பேசுவது வழக்கமாகிவிட்டது. இது எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதற்கு அமெரிக்க அரசியலே போதிய சான்று.

1998 ஆகஸ்டில் அதிபர் பில் கிளின்டன், வெள்ளை மாளிகையில் பயிற்சி ஊழியராக இருந்த பெண்ணுடனான உறவை ஒப்புக்கொண்டார். அந்த டிசம்பர் 19 அன்று, பிரமாணம் எடுத்துக்கொண்டு பொய் சொன்னார், நீதிக்கு இடையூறு செய்தார் என்ற குற்றச்சாட்டுகளின் பேரில் பிரதிநிதிகள் சபை அவருக்கு எதிரான பதவிநீக்க விசாரணைக்கான குற்றச்சாட்டுத் தீர்மானங்களை நிறைவேற்றியது. அந்த நடவடிக்கைக்கு வழிவகுத்த குடியரசுக் கட்சித் தலைவர்களில் முதன்மையானவரான நியூட் கிங்ரிச், அதே காலத்தில் தானும் வேறொரு பெண்ணுடன் உறவில் இருந்ததை 2007இல்தான் ஒப்புக்கொண்டார். சபாநாயகராகப் பொறுப்பேற்க இருந்த பாப் லிவிங்ஸ்டன், தன் தவறு வெளிவந்ததும் விலகுவதாக அறிவித்தார். அந்த அளவில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஜனநாயகக் கட்சியினர் நடந்துகொண்டதும் மெச்சத்தக்கதல்ல. பணியிடங்களில் பெண்களின் கண்ணியத்துக்காக வாதாடிய பலர், நாட்டின் மிக உயர்ந்த பதவியில் இருப்பவருக்கும், உறவு தொடங்கியபோது 22 வயதே ஆகியிருந்த ஊழியருக்கும் இடையே இருந்த அதிகார ஏற்றத்தாழ்வைக் கண்டும் காணாததுபோல் இருந்தார்கள். கிளின்டன் அப்போதே பதவி விலகியிருக்க வேண்டும் என்று அக்கட்சியின் செனட்டர் கிர்ஸ்டன் கில்லிபிராண்ட் கூறியது 2017 நவம்பரில், அதாவது ஹிலரி கிளின்டன் அதிபர் தேர்தலில் தோற்று ஓராண்டு ஆன பிறகு. இடைப்பட்ட காலமெல்லாம் இரு தரப்பின் கேலிக்கும் வசைக்கும் ஆளானவர் அந்தப் பெண்தான் என்பதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

தலைவர்கள் மட்டுமல்ல, வாக்காளர்களும் இப்படித்தான் மாறுகிறார்கள். தனிவாழ்வில் ஒழுக்கம் தவறிய ஒருவரால் பொதுப்பணியை நேர்மையாகச் செய்ய முடியும் என்று 2011இல் கருதிய வெள்ளையின சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் 30 சதவீதம் பேர். டொனால்டு டிரம்ப் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக இருந்த 2016 அக்டோபரில் அதே கேள்விக்கு 72 சதவீதம் பேர் அப்படிச் சொன்னதாக பி.ஆர்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனம் பதிவு செய்துள்ளது. ஐந்தே ஆண்டுகளில் அவர்களின் மறைநூல் மாறிவிடவில்லை.

மணவாழ்வில் தவறிய ஒவ்வொருவரும் பதவி விலக வேண்டும் என்பது என் வாதமல்ல. அந்த உறவுக்காக அவர் அவையில் பொய் சொன்னாரா, அரசுப் பணத்தைச் செலவிட்டாரா, தனக்குக் கீழ் வேலை செய்தவரிடம் அதிகாரத்தைக் காட்டினாரா என்பவையே பொதுமக்கள் கேட்க வேண்டிய கேள்விகள். 1963இல் பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஜான் புரோஃபுமோ, நாடாளுமன்றத்தில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டே பதவி விலகினார். இவற்றில் எதுவும் நிகழாதபோது, காயப்பட்ட குடும்பத்தை அதன் துயரத்தோடு தனியே விட்டுவிடுவதே பண்பு.

ஆகவே, இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, கண்டிக்கும் தலைவரோ ஆதரிக்கும் தலைவரோ தன் சொந்தக் கட்சிக்காரர் சிக்கிய வேளையில் என்ன பேசினார் என்பதையும் அதே பக்கத்தில் தேதியுடன் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்