காது சரியில்லாதவன் எழுதும் கடிதம்

பொன்மலை,
ஆனி மாசக் கடைசி

அன்புள்ள மாப்ள,

மூணு தடவை போன் பண்ணியும் நான் எடுக்கலைன்னு தங்கச்சிகிட்ட சொல்லி வருத்தப்பட்டியாமே. பதினெட்டு நாளா நான் யார் போனையும் எடுக்கலைடா. வலது காதுல ஒரு ரீங்காரம். யார் பேசினாலும் தகர டப்பாவுக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்குது. அதான் கடுதாசி. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், சின்னவ காலேஜ் சேர்ந்துட்டா. அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கு?

சரி, விஷயம் இதுதான். ரயில் இன்ஜின் ஹார்ன் ஒரு ஜோடி வாங்கியிருக்கேன்.

திட்டாதே. ஏலத்துல எடுத்த காகிதம் இருக்கான்னு கேட்டு, பார்த்து, நகல் வாங்கிக்கிட்டுத்தான் காசு கொடுத்தேன். ரயில்வே சாமானைக் கணக்கு இல்லாம வீட்டுல வச்சிருந்தா 1966-ல வந்த சட்டம் இருக்கு, உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க. அந்த நகல் பீரோவுல பத்திரமா இருக்கு.

பழைய இரும்புக் கடைக்காரர் "மீட்டர் கேஜ் டீசலோடது, அமெரிக்கா சாமான்"னு அடிச்சுச் சொன்னார். நம்ம பக்கம் ஓடின ஒய்.டி.எம்.-4ங்கற மீட்டர் கேஜ் டீசல் ஆரம்பத்துல அங்க ஆல்கோ கம்பெனியில இருந்து வந்த இன்ஜின்தான், அதனால சட்டுனு தள்ளிவிட முடியலை. பெயிண்டைச் சுரண்டினேன். நீலம், அதுக்கு அடியில சிவப்பு, அதுக்கும் அடியில வெறும் அலுமினிய வார்ப்பு. எழுத்து ஒண்ணும் இல்லை. கடைசியில காத்து நுழையற வாயில் மரைதான் காட்டிக் கொடுத்துச்சு. அரை இஞ்ச் குழாய்ன்னா அமெரிக்க மரைக்கும் இங்கிலீஷ் மரைக்கும் இஞ்சுக்கு 14 புரிதான், எண்ணிப் பார்த்தா வித்தியாசம் தெரியாது. ஆனா மரையோட கோணம் அமெரிக்க மரையில 60 டிகிரி, நம்ம ஊர்ல புழங்கற இங்கிலீஷ் மரையில 55. மரை அளக்கற கேஜ் வச்சுப் பார்த்தேன், 55. அமெரிக்கா சாமான் இல்லை, நம்ம ஊர்ல வார்த்ததுன்னுதான் என் முடிவு. இருபது வருஷமா லேத்துல நின்னதுக்கு அன்னிக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிரிச்சுப் பார்த்தா, மாப்ள, அது உன் நாதஸ்வரம்தான். முன்னால விரியறது அணசு. பின்னால சீவாளிக்குப் பதிலா வட்டமா ஒரு மெல்லிசுத் தகடு. அழுத்தமான காத்து அந்தத் தகட்டை அணசோட பின்பக்க மூக்குத் துவாரத்துலேர்ந்து தள்ளித் திறக்குது, காத்து அணசு வழியா ஓடுது, அழுத்தம் இறங்கினதும் தகடு திரும்ப வந்து அடைக்குது. செகண்டுக்கு முன்னூறு தடவை. அணசு நீளமா இருந்தா குரல் கீழே, குட்டையா இருந்தா மேலே. நீ சீவாளியை நாக்குல நனைச்சுப் பதம் பார்ப்பியே, இதுல அந்த வேலை போல்ட்டுக்கு. ஒரு பக்கம் அதிகமா முறுக்கினா தகடு செத்துப்போகும். எதிரெதிரா, கால் சுத்து கால் சுத்தாத்தான் இறுக்கணும்.

பெரியதோட தொண்டைக்குள்ள குளவி கூடு கட்டியிருந்துச்சு. சின்னதுல தகடு விரிசல். போல்ட் எல்லாம் துருப்பிடிச்சு இறுகியிருந்ததால பையன் சூடு காட்ட கேஸ் விளக்கை எடுத்தான், கையைப் பிடிச்சுத் தடுத்தேன். இரும்பு மாதிரி அலுமினியம் சிவந்து எச்சரிக்காது, 660 டிகிரியில திடீர்னு ஒழுகிடும். நாலு நாள் எண்ணெயில ஊற வச்சுக் கழட்டினோம். மூக்கை கிரைண்டிங் பேஸ்ட் போட்டுக் கண்ணாடி மேல தேய்ச்சுச் சமமாக்கினேன். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டுல புதுசு வெட்டிப் போட்டேன்.

அப்புறம் செஞ்சதுதான் தப்பு. தகரக் கொட்டாய்க்குள்ள, கதவைச் சாத்திக்கிட்டு, இன்ஜின்ல இருக்கற மாதிரியே 8 கிலோ அழுத்தத்துல ஒரு தடவை ஊதிப் பார்த்தேன். அமெரிக்காவுல ரயில் ஹார்னுக்கு விதி, 100 அடி தள்ளி நின்னா 96-லேர்ந்து 110 டெசிபல். நான் நின்னது ஒரு முழம் தள்ளி. டாக்டர் பரிசோதிச்சுட்டு, கொஞ்சம் திரும்பும், முழுசா திரும்புமான்னு சொல்ல முடியாதுன்னுட்டார். ராத்திரி தூக்கம் வரலை. உன் ஞாபகம்தான் வந்துச்சு. முப்பது வருஷமா ரெண்டு தவிலுக்கு நடுவுல நிக்கறியே, ஒரு தடவையாவது காதைக் காட்டினியா? இந்த வாரமே போய்க் காட்டு. கெஞ்சிக் கேக்கறேன்.

இதை எதுக்கு வாங்கினேன்னு கேப்ப. எங்க ஊருக்கு. 2018 ஆகஸ்ட்ல முக்கொம்பு மேலணையில கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகு உடைஞ்சுச்சே, அன்னிலேர்ந்து மனசுல இருக்கு. ஆத்துல தண்ணி திறந்துவிட்டா ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்றாங்க. கரையில நிக்கறவனுக்குக் கேக்கும். நடு மணல்ல மாடு மேய்க்கிற கிழவிக்குக் கேக்காது. இதுக்குக் கரண்டே வேண்டாம். ஒரு காத்து சிலிண்டரை நிரப்பி வச்சா போதும். பஞ்சாயத்துல பேசிட்டேன், சரின்னுட்டாங்க.

சிக்கல் ஒண்ணுதான். பக்கத்துலயே ரயில் பாலம். நாள் பூரா ஹார்ன் கேட்டுப் பழகின சனம் இதைக் கேட்டாலும் ரயில்னு நினைச்சு மாட்டை ஓட்டாம உட்கார்ந்திருக்கும்.

கனடாவுல ராபர்ட் ஸ்வான்சன்னு ஒருத்தர், இதே சிக்கலை எதிர்ப்பக்கத்துலேர்ந்து பார்த்தவர். நீராவி போய் டீசல் வந்தப்போ ஒத்தக்குரல் ஹார்ன் வச்சாங்க, லாரி ஹார்ன் மாதிரி இருந்துச்சு. அவர் பல குரலைச் சேர்த்து ஊத வச்சார், 1949-ல அதுக்குக் கம்பெனியே ஆரம்பிச்சார். அந்த வழியில வந்த அஞ்சு குரல் ஹார்ன் ஒண்ணு இன்னிக்கும் அமெரிக்க ரயில்ல ஊதுது. சுரத்தைப் பார்த்துட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். ஏழு கட்டையை ஷட்ஜமா வச்சா ஷட்ஜமம், அந்தர காந்தாரம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், காந்தாரம் மட்டும் ரெண்டு ஸ்தாயியில. ரிஷபம் ஒண்ணுதான் இல்லை, மத்தபடி மோகனம்! அவரே 1967-ல பத்து ஹார்ன் செஞ்சு வான்கூவர்ல கட்டடத்து மேல வச்சார், தினமும் மத்தியானம் அவங்க தேசிய கீதத்தோட முதல் நாலு சுரத்தை ஊதுது.

என்னோடது ரெண்டும் இப்போ 2½ கட்டை, 4½ கட்டை. காதை அடைச்சுக்கிட்டு, வெட்டவெளியில, ரெண்டு கிலோ அழுத்தத்துல வச்சு போன்ல அளந்தேன். பெரியது விடியக்காலையில 311 ஹெர்ட்ஸ், உச்சி வெயில்ல 317. சூடேறினா ஸ்ருதி ஏறும்னு உனக்கு நான் சொல்லணுமா. அணசுக்கும் பெட்டிக்கும் நடுவுல வளையம் கடைஞ்சு போட்டா குரலை இறக்கலாம். எவ்வளவு இறக்கணும், எந்த ரெண்டு சுரம் சேர்ந்தா எந்த மயக்கத்துல இருக்கறவனும் இது ரயில் இல்லைன்னு எழுந்திரிப்பான்? போன் நம்பர்தான் காட்டும். என் காதை இப்ப என்னாலயே நம்ப முடியலை.

நீ வரணும். ஆடியில முகூர்த்தம் கிடையாது, சாக்கு சொல்லாதே. பெருக்குக்கு முன்னாடி வா, ஸ்ருதிப் பெட்டியை எடுத்துட்டு வா. வளையம் கடைய அலுமினியம் வாங்கி வச்சுட்டேன், நீ அளவு சொன்னா அன்னிக்கே முடிச்சிடலாம். காதுக்கு அடைப்பான் உனக்கும் சேர்த்து வாங்கியிருக்கேன், அதைப் போடாம கிட்ட விடமாட்டேன்.

தங்கச்சியையும் கூட்டிட்டு வா. பதில் கடுதாசியாவே போடு.

உன்
மச்சான்