அலமாரியில் தொடங்கிய கணக்கு: தெரு நலச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர் அம்மா அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் தெருக்காரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒரு முறை கூடியது; இரண்டு மாதம் ஆள் சேராமல் தள்ளிப்போனது. எரியாத தெருவிளக்குகளுக்கு மனு கொடுத்தோம், எரிகின்றன. குப்பை வண்டி நேரம் மாறியது எல்லோருக்கும் தெரியும். வண்டி நிறுத்துவதில் வரும் சண்டை வழக்கம்போல வந்தது, வழக்கம்போல முடிந்தது. இவை பற்றிக் கேள்வி இருந்தால் கடைசியில் கேட்கலாம்.

இந்த ஆண்டு சங்கம் செய்த வேலை என்று நான் விவரமாகச் சொல்ல விரும்புவது வேறு. போன பொதுக்குழுவில் சந்தா உயர்வுத் தீர்மானம் வந்தபோது பின்வரிசையிலிருந்து ஓர் உறுப்பினர் எழுந்து, "சாப்பாட்டுச் செலவையே இழுத்துப் பிடிக்க முடியல, இதுல சந்தா வேறயா?" என்று கேட்டார். தீர்மானம் அன்றே கைவிடப்பட்டது. கூட்டம் கலைந்த பிறகும் வாசலில் நின்று எல்லோரும் பேசியது அதைத்தான். துணைத்தலைவர் அம்மா, "நின்னுக்கிட்டே பேசுறதை ஒரு நாள் உட்கார்ந்து பேசலாமே" என்றார். அப்படித் தொடங்கியதுதான் சமையலறைக் கணக்கு வட்டம். பன்னிரண்டு வீடுகள் சேர்ந்தன. ஆண்டு முடிவில் ஏழு நின்றன.

எவ்வளவு ஆகிறது?

முதல் கூட்டத்தில் கேட்டது ஒரே கேள்வி: மாதம் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகிறது? எல்லோரும் சட்டென்று ஒரு தொகை சொன்னார்கள். அதில் பால் சேர்ந்ததா, பிள்ளைகள் வெளியில் வாங்கித் தின்பது சேர்ந்ததா, வேலைக்குப் போகும் இடத்தில் குடிக்கும் காபி யார் கணக்கு என்று கேட்டதும் அறை அமைதியானது. மளிகை பில்லில் சோப்பும் துடைப்பமும் ஏறியிருக்கின்றன. சாப்பிட்டதில் பாதி அந்த பில்லுக்கே வருவதில்லை. ஆக, எல்லோரும் சொன்னது பில் தொகை. சாப்பாட்டுச் செலவு எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான்.

கொஞ்ச நேரம் வாதாடி ஒரு வரையறைக்கு வந்தோம். வாய்க்குள் போவது மட்டும் சாப்பாடு. வெளியில் சாப்பிட்டது தனி வரி. மற்றதைப் பில்லில் அடித்துவிட்டுக் கூட்ட வேண்டும். முதல் மாதம் எதையும் குறைக்கக் கூடாது, எழுத மட்டும் வேண்டும் என்று ஒரு விதியும் போட்டோம். அந்த விதியைக் காப்பாற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது. எழுத வேண்டும் என்று தெரிந்தாலே கை தானாகச் சுருங்கிவிடுகிறது.

ஜப்பானில் 1904-ல் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் வீட்டுச் செலவுக்கென்றே ஒரு கணக்கேட்டை அச்சிட்டு வெளியிட்டார். ககேபோ என்ற பெயரில் அந்தப் பழக்கம் இன்றும் இருக்கிறது. நோட்டும் பேனாவும் இவ்வளவு காலம் நிற்பதற்குக் காரணம், கையால் எழுதும்போது வரும் அந்தச் சின்னக் கூச்சம்தான் என்பது என் அபிப்பிராயம். நம் வட்டத்தில் மூன்று பேர் கைபேசிச் செயலியில் பதிந்தார்கள். அவர்கள் கணக்கு சுத்தமாக இருந்தது. செலவு மட்டும் அப்படியே இருந்தது.

தொகையைச் சபையில் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அது நியாயம்தான். ஆகவே வருமானம் நூறு என்றால் சாப்பாட்டுக்கு எத்தனை என்று மட்டும் சீட்டில் எழுதி, பெயர் போடாமல் பெட்டியில் போட்டோம். பிரித்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எண்கள். பெரிய எண் எழுதியவர் ஊதாரியாக இருப்பார் என்று ஒருவர் முணுமுணுத்தார். அது தவறு. 1857-ல் எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் (மார்க்சின் நண்பர் எங்கெல்ஸ் வேறு ஆள்) பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை வைத்து ஒரு விஷயத்தைக் காட்டினார். குடும்பம் எவ்வளவுக்கு ஏழையோ அவ்வளவுக்குப் பெரிய பங்கு சாப்பாட்டுக்குப் போகிறது. வருமானம் ஏறினால் சாப்பாட்டுத் தொகையும் கொஞ்சம் ஏறும், ஆனால் பங்கு இறங்கிவிடும். ஆக, சீட்டில் பெரிய எண் எழுதியவர் பெரும்பாலும் நம்மில் குறைந்த வருமானக்காரர். 'வருமானத்தில் இத்தனை சதவீதம்தான் சாப்பாட்டுக்கு' என்று எல்லா வீட்டுக்கும் ஒரே கோடு போடும் யோசனையை அன்றே கைவிட்டோம்.

தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கலாமே என்றார் பொருளாளர். ஓஇசிடி (பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பு) பெயரில் வழங்கும் ஓர் அளவுகோலையும் எடுத்து வந்தார்: வீட்டின் முதல் பெரியவருக்கு 1, அடுத்த ஒவ்வொரு பெரியவருக்கும் 0.5, 14 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு 0.3. வாடகை, மின்சாரம் எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவை ஒப்பிட அது உதவும். சாப்பாட்டுக்கு மட்டும் பொருந்தாது. பதின்மூன்று வயதுப் பையன் வைத்திருக்கும் அம்மா ஒருவர் அந்த 0.3-ஐக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் அந்த யோசனையும் போனது.

நாலு கவர்

அப்புறம் முறைகளுக்கு வந்தோம். நாலைந்து வீடுகளில் ஏற்கெனவே இருந்தது கவர் முறை. மாதம் பிறந்ததும் சாப்பாட்டுப் பணத்தை நாலாகப் பிரித்து நாலு கவரில் வைப்பது, வாரத்துக்கு ஒன்றை எடுப்பது, அது காலியானால் கடைப்பக்கம் போகாமல் இருப்பதை வைத்துச் சமைப்பது. பணம் எந்தப் பெட்டியில் இருந்தாலும் பணம்தான். ஆனால் மனிதர்கள் அதற்கு மனதில் தனித்தனிப் பெட்டி போடுகிறார்கள், ஒன்றுக்கு என்று வைத்ததை இன்னொன்றுக்கு எடுக்கத் தயங்குகிறார்கள் என்று, 2017-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் விளக்கியிருக்கிறார். அதைத் தமிழில் மனக்கணக்கு என்று சொன்னால் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிடும், கவர்க் கணக்கு என்றே வைத்துக்கொள்வோம்.

முறை நல்ல முறை. ஆனால் கவர் வைத்திருந்த எல்லா வீட்டிலும் மாதக் கடைசியில் பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் அதைத் தங்கள் குறை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். காரணத்தைக் கண்டுபிடித்தது பொருளாளரும் இல்லை, நானும் இல்லை. மூலை வீட்டு மாடியில் இருக்கும் கல்லூரி மாணவி. கூட்டத்தின் நடுவே சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றி மடியில் வைத்து விரல் விட்டு எண்ணினார். "நாலு வாரம்னா 28 நாள்தானே அங்கிள்? மாசம் அதோட முடியலையே?" ஆண்டுக்கு 52 வாரம். 12 மாதத்தை நாலு நாலாகப் பிரித்தால் கிடைப்பது 48 கவர். நாலு வாரச் சாப்பாட்டுக்குப் பணமே ஒதுக்காமல் இத்தனை ஆண்டு ஓட்டியிருக்கிறோம்.

மாதத் தொகையை 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுத்தோம். மாதத்துக்கு 100 என்றால் வாரக் கவரில் 25 வைக்கக் கூடாது, 23 வைக்க வேண்டும். நாலு கவர் போக மீதி 8 ஐந்தாவது கவருக்குப் போகும். மாதத்தின் வாலில் தொங்கும் இரண்டு மூன்று நாளுக்கு அதுதான் சோறு போடும். இந்த ஆண்டு வட்டத்தில் எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட மாற்றம் இது ஒன்றுதான்.

விலகியவர்கள்

விலகிய ஐந்து வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வீட்டில் எழுதியவருக்கும் செலவு செய்தவருக்கும் தகராறு. ஒருவர் வீடு மாறிப் போனார். ஒருவருக்குச் சலித்துவிட்டது. ஐந்தாமவர் தினக்கூலிக்குப் போகிறவர். அவர் விலகியதுதான் எனக்கு உறுத்துகிறது.

பெரிய பொட்டலமாக வாங்கினால் கிராமுக்கு எவ்வளவு மிச்சம் என்று நாங்கள் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மொத்தமா வாங்க மொத்தமா காசு வேணும் சார்" என்றார். சிறிய பொட்டலத்துக்குக் கிராமுக்குக் கூடுதலாகத்தான் கொடுக்கிறோம் என்பது எங்களை விட அவருக்கு நன்றாகத் தெரியும். வாரக் கவர் என்றாலும் முதலில் மாதப் பணம் கையில் வர வேண்டும். எங்கள் முறைகளில் ஒன்றுகூட அவருக்கு உதவவில்லை என்பதை இந்த அறிக்கையில் பதிவு செய்கிறேன்.

சரி, சங்கமே மொத்தமாக வாங்கிச் சிறுகச் சிறுகப் பிரித்துக் கொடுக்கலாம் என்று இறங்கினோம். கூட்டுக் கொள்முதல் மூன்று மாதம் நடந்தது. முதல் மாதம் உற்சாகம். இரண்டாம் மாதம் எடை போட ஆள் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தராசு முன்னால் நிற்பேன் என்று சொன்னவர்களில் நின்றவர் ஒருவரே. மூன்றாம் மாதம் சங்க அறையின் ஈரச் சுவரை ஒட்டி வைத்த பருப்பு மூட்டையில் வண்டு விழுந்தது. மூட்டையைச் சுவரை ஒட்டி வைத்தது நான். நஷ்டம் வரவு செலவு அறிக்கையில் இருக்கிறது, மறைக்கவில்லை.

என் அலமாரி

வட்டத்தில் அதிகம் பேசியவன் நான். ஆஃபர் என்றால் விடமாட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவனும் நான்தான். ஐந்தாவது கூட்டத்தில் துணைத்தலைவர் அம்மா ஒரு வேலை கொடுத்தார். கடைக்குப் பட்டியல் போடும் முன், வீட்டில் இருப்பதற்கு ஒரு பட்டியல் போட வேண்டும். நானும் என் மனைவியும் ஒரு ஞாயிறு காலை அலமாரியைக் காலி செய்தோம். திறந்த மிளகுப் பொட்டலம் மூன்று, மூன்றுக்கும் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. சர்க்கரை இரண்டு இடத்தில். கல்லாகிப் போன ஒரு டப்பா மாவு. பின்வரிசையில், நான் மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வாங்கிய பிஸ்கட்டில் அந்த 'ஒன்று', தேதி முடிந்து கிடந்தது. மூன்று விலைக்கு நான்கு என்றால் ஒன்றுக்கு 25 சதவீதம் தள்ளுபடி. நான்கில் ஒன்று குப்பைக்குப் போனால் மிச்சம் பூஜ்யம். என் மனைவி எதுவும் சொல்லவில்லை. மூன்று மிளகையும் ஒரே டப்பாவில் கொட்டி, பழைய ரப்பர் பேண்டுகளை என் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஏழு வீட்டிலும் பட்டியல் அலமாரியில்தான் தொடங்குகிறது. என்ன இருக்கிறது, அதை வைத்து இந்த வாரம் எத்தனை வேளை ஓடும், அதற்கு என்ன குறைகிறது. குறைவது மட்டுமே கடைச்சீட்டில் ஏறும். புதிதாக வாங்கியதைப் பின்னால் தள்ளி, பழையதை முன்னால் இழுத்து வைப்பது என்ற ஒன்றுக்கே இரண்டு வீடுகளில் பில் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கியது.

இரண்டு வாரம் பிரிட்ஜ் கதவில் ஒரு தாளும் ஒட்டினோம், தூக்கிப் போட்டதை எழுத. மிஞ்சியதைப் பெட்டியில் போட்டு உள்ளே தள்ளி, நாலு நாள் கழித்துக் கொட்டுவதுதான் தாளில் திரும்பத் திரும்ப வந்தது. இது நம் தெருக் கதை மட்டும் இல்லை. 2022-ல் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. வீட்டில் ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 200 கிராமுக்கு மேல். சாப்பிட முடியாத தோலும் எலும்பும் இதில் அடக்கம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பொட்டலத்தில் இருக்கும் தேதியையும் சிலர் தவறாகப் படித்திருக்கிறோம். 'இந்தத் தேதிக்கு முன் சிறந்தது' என்பது ருசிக்கும் தரத்துக்கும் போட்டது. அது தாண்டிய மறுநாளே கொட்ட வேண்டியதில்லை. 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்புக்குப் போட்டது. அதில் விளையாடக் கூடாது.

கடையில்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பொருளாளர் தனியாக ஒரு தாள் தயாரித்து வைத்திருக்கிறார். விலையைப் பார்க்காமல் 100 கிராமுக்கு என்ன விலை என்று பார்ப்பது முக்கியம். பொட்டலம் 1000 கிராமிலிருந்து 900 கிராமாக இளைத்து விலை அப்படியே இருந்தால், விலை 11 சதவீதம் ஏறிவிட்டது என்று பொருள். பத்து என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இன்னொன்று, டிராலி. 1937-ல் அமெரிக்காவில் ஓக்லஹோமா சிட்டியில் சில்வன் கோல்ட்மேன் என்ற கடைக்காரர், கூடை கனத்ததும் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று பார்த்துத்தான் சக்கரம் வைத்த வண்டியைக் கொண்டுவந்தார். நம் வீடுகளில் மூன்று வீட்டார் இப்போது கூடையோடுதான் போகிறார்கள். கை வலித்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்களாம்.

நிதி, நன்றி

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கரும்பலகை தந்தவருக்கும், கூட்டங்களுக்கு நாற்காலி தூக்கிய இளைஞர்களுக்கும், எங்கள் காலண்டரைத் திருத்திய மாணவிக்கும் சங்கத்தின் நன்றி. கழற்றிய காலண்டரைத் திரும்ப மாட்டவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

தினக்கூலிக்குப் போகும் உறுப்பினர் போன மாதம் என்னிடம் வந்து ஒரு யோசனை சொன்னார். மூட்டை வாங்கிப் பிரிப்பதெல்லாம் வேண்டாம். மாதத் தொடக்கத்தில் மளிகைக்கு மட்டும் சங்கம் வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுத்தால், நாளுக்கு இவ்வளவு என்று திருப்பித் தந்துவிடலாம், அவரைப்போல இன்னும் சில வீடுகள் இருக்கின்றன என்றார். செயற்குழுவில் ஆதரவும் எதிர்ப்பும் சமமாக இருந்தது. ஆகவே முடிவைப் பொதுக்குழுவுக்கே விட்டிருக்கிறோம். நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக இருக்கிறது.

சந்தா உயர்வுத் தீர்மானம் இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலில் இல்லை. இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்